ரோட்டரி வீக்லி மீட்டிங்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க, இருபது நிமிஷம் என்ன பேசுறது?

ஏரிக்கரைப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் செய்யாறு பக்கம், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நாங்க ஆறு பேரு ஞாயித்துக்கிழமை ஆனா ஏரிக்கரையில பனங்கொட்டை நடுறோம், நாலு வருஷமா. சங்கம் கிங்கம்னு பேரெல்லாம் இல்ல, ஒரு வாட்ஸப் குரூப்பு, ரெண்டு கடப்பாரை, ஒருத்தனோட டாடா ஏஸ், அவ்ளோதான். போன வாரம் எங்க ஊரு ரோட்டரி கிளப் செகரட்டரி நோட்டீஸ் பிரிண்ட் எடுக்க கடைக்கு வந்தாரு, சுவத்துல இருந்த போட்டோவ பாத்துட்டு இதெல்லாம் யாரு பண்றதுன்னு கேட்டாரு, சொன்னேன், உடனே "அடுத்த வியாழக்கிழமை எங்க வீக்லி மீட்டிங்ல நீதான் ஸ்பீக்கர், இருபது நிமிஷம் பேசு"ன்னுட்டு நான் சரின்னு சொல்றதுக்குள்ள அதே நோட்டீஸ்ல என் பேரையும் சேத்து அடிக்கச் சொல்லிட்டாரு. என் பேர நானே டைப் பண்ணி நானே அம்பது காப்பி போட்டு காசும் வாங்கிக்கிட்டேன்.

இப்ப பயமா இருக்கு. அங்க டாக்டர், ஆடிட்டர், ரைஸ் மில் ஓனர், நகைக்கடைக்காரங்க எல்லாம் இருப்பாங்க. அந்த மீட்டிங்ல என்னதான் நடக்கும்? தமிழ்ல பேசலாமா இல்ல இங்கிலீஷா? பிபிடி போடணுமா? காசு கேக்கலாமா, கேட்டா தப்பா நெனப்பாங்களா? எங்களுக்கு வண்டி வாடகை டீசலே கையவிட்டுப் போவுது.

இன்னொரு பயமும் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு அமைப்பு எங்க பக்கத்து ஏரியில விதை நடும் விழான்னு வச்சாங்க, பேனரு, டீ ஷர்ட்டு, மைக் செட்டு எல்லாம் உண்டு. அரை மணி நேரம் நட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, பாதி மூட்டை அப்படியே கரையில கெடந்துச்சு, அதுவும் மாசி மாசத்துல, காஞ்ச மண்ணுல. அந்த மூட்டையை மறுநாள் நாங்கதான் தூக்கியாந்தோம். இவங்களும் "தம்பி சூப்பர், பத்தாயிரம் விதை போட்டு ரெக்கார்ட் பண்ணிடலாம்"னு ஆரம்பிச்சா எப்பிடி மறுக்கிறது? போன வருஷம் ஏரி தூர் வாரி கரை ஒசத்துறப்ப ஜேசிபி எங்க மூணு வருஷக் கன்னுங்கள ஒரே நாள்ல மண்ணோட வாரிப் போட்டுச்சு, அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல, அதான் இந்தத் தடவ உஷாரா கேக்குறேன்.

சும்மா வந்தவன்:

போண்டா நல்லா இருக்கும் ப்ரோ. ஒரு சால்வை, ஒரு மரத்துல செஞ்ச மெமெண்டோ. அதுக்கு மேல எதையும் எதிர்பார்க்காதீங்க.

பழைய செகரட்டரி:

மேல சொன்னவர் போண்டா விஷயத்துல மட்டும் சரி. நான் ரெண்டு தடவ கிளப் செகரட்டரியா இருந்தவன், ஒரு தடவ பிரசிடெண்ட், இப்ப வயசாச்சு, பின் வரிசையில உக்காந்து கை தட்டுறதோட சரி. தம்பிக்கு விவரமா சொல்றேன்.

7:30 மணின்னு நோட்டீஸ்ல இருக்கும், நீதான அடிச்ச. 7:30க்கு போனா வாட்ச்மேனும் மைக் செட்காரரும்தான் இருப்பாங்க. 8 மணிக்கு மேல தலைவர் கழுத்துல காலர்னு ஒரு பதவிப் பட்டைய மாட்டிக்கிட்டு மணிய அடிச்சு கூட்டத்த ஆரம்பிப்பாரு. நிஜமாவே ஒரு வெண்கல மணி மேஜை மேல இருக்கும், சுத்தியல் மாதிரி ஒண்ணால அடிப்பாங்க. சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ்னு ஒருத்தர் இருப்பாரு, பேரக் கேட்டு பயந்துடாத, துப்பாக்கியெல்லாம் இல்ல, நாற்காலி போடறது, கொடிய சரியா வைக்கிறது, லேட்டா வர்றவங்கள முன்னாடி உக்கார வைக்கிறது அவர் வேலை. அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து இல்ல இறைவணக்கம். அப்புறம் எல்லாரும் எழுந்து ஃபோர் வே டெஸ்ட் சொல்லுவாங்க: நாம நெனக்கிறது சொல்றது செய்யுறது உண்மையா, எல்லாருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளருமா, எல்லாருக்கும் நன்மையான்னு நாலு கேள்வி. இது ஏதோ வேதம்னு நெனச்சிடாத, 1932ல திவாலாகப் போன ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனிய தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர்னு ஒருத்தர் தன் ஆளுங்களுக்காக எழுதினது, சட்டிபான வித்த கேள்விங்கதான் அது, ரோட்டரி பின்னாடி எடுத்துக்கிச்சு.

அடுத்து பொறந்தநாள், கல்யாண நாள் வாழ்த்து. இங்கதான் நேரம் போகும். ஒருத்தருக்கு சால்வை போட்டா அவரு ஒரு வார்த்தை பேசுவாரு, ஒரு வார்த்தைன்னா அஞ்சு நிமிஷம். அப்புறம் செகரட்டரி அறிவிப்பு, ரோட்டரி மாவட்டத் தலைவரான கவர்னர் விசிட் எப்ப, கண் கேம்ப் எப்ப, சந்தா யாரு கட்டலன்னு. அதுக்கப்புறம்தான் உன்னை அறிமுகப்படுத்துவாங்க. உன் பேர தப்பா சொன்னாலும் திருத்தாத. அப்ப மணி 8:45 ஆயிருக்கும், பின்னாடி சாப்பாட்டு டேபிள்ல மூடி தெறக்குற சத்தம் கேக்கும், அந்த சத்தத்தோட போட்டி போட்டு யாரும் ஜெயிச்சதில்ல. உன் இருபது நிமிஷம் பன்னெண்டு நிமிஷம் ஆயிடும். அதனால பத்து நிமிஷத்துக்குத் தயார் பண்ணு. நன்றியுரை, தேசிய கீதம், திரும்ப மணி, முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஃபெல்லோஷிப்னு சாப்பாடு. உண்மையான மீட்டிங் அங்கதான் நடக்கும் தம்பி, சாப்பிடாம ஓடிடாத.

தமிழ்லயே பேசு. கோட்டு சூட்டு வேணாம், துவைச்ச சட்ட போதும்.

காசு விஷயம். மேடையில கேக்காத. அவங்களா "என்ன வேணும்"னு கேப்பாங்க, அப்ப சொல்றதுக்கு ஒண்ணே ஒண்ணு வச்சிரு, ரெண்டாவது வேணாம். குளோபல் கிராண்ட்னு, அதாவது பெரிய ப்ராஜெக்டுக்கு ரோட்டரி தர்ற நிதியப் பத்தி, யாராவது ஆரம்பிச்சா தலையாட்டிட்டு விட்டுடு, அதுக்கு குறைஞ்சது 30,000 டாலர் பட்ஜெட் வேணும், வெளிநாட்டு கிளப் ஒண்ணு கூட சேரணும், உன் கடப்பாரைக்கு அது ரொம்ப ஜாஸ்தி. சுற்றுச்சூழலையும் 2021 ஜூலைல இருந்து ரோட்டரி தன்னோட முக்கிய வேலைகள்ல ஒண்ணா சேத்திருக்கு, அதனால உன் சப்ஜெக்ட் அவங்களுக்கும் இப்ப தேவைதான்.

இப்ப முக்கியமான சங்கதி. ரோட்டரில எல்லாமே ஜூலை 1ல இருந்து ஜூன் 30 வரைக்கும்தான். தலைவரு பதவி ஒரே வருஷம். உன் பனை காய்க்க பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும், அவரு காலர் பன்னெண்டு மாசம். மரம் பாளை விடுறதுக்குள்ள பதினஞ்சு தலைவருங்க மாறியிருப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் தன் பேர்ல ஒரு புது ப்ராஜெக்ட் வேணும். பத்தாயிரம் விதை ரெக்கார்டு ஆசை வர்றது கெட்ட புத்தியால இல்ல, ஜூன்ல ரிப்போர்ட் எழுதணுமே, அதான். அதனால அவங்க வருஷத்துக்குள்ள முடியற மாதிரி ஒண்ணக் கேளு. "ஐயா, விதை நடறத நாங்க பாத்துக்கிறோம், போன வருஷம் நட்டதுல எத்தன முளைச்சிருக்குன்னு வர்ற ஜூன்ல எண்ண வாங்க"ன்னு கூப்பிடு. எண்ணுறதுக்கும் போட்டோ உண்டு, பேனர் உண்டு, ரிப்போர்ட்டும் உண்டு. அப்புறம் ஹாலுக்குள்ள போனதும் அடுத்த வருஷத் தலைவர் யாரு, அதுக்கும் அடுத்தவர் யாருன்னு செகரட்டரியக் கேட்டு அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடு. பிரசிடெண்ட் எலெக்ட், பிரசிடெண்ட் நாமினின்னு முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வச்சிருப்பாங்க. மூணு பேர் தலையாட்டினா உனக்கு மூணு வருஷம் கெடச்சுது.

சும்மா வந்தவன்:

பதினஞ்சு தலைவருக்கு பதினஞ்சு சால்வை. ஐயா நான் சொன்னதத்தான் நீங்க ஒரு பக்கத்துக்கு சொல்லியிருக்கீங்க 😄

பழைய செகரட்டரி:

நீ போண்டாவோட நிறுத்திட்ட, நான் எண்ணுறதுக்கு வந்தேன், அதான் வித்தியாசம்.

மதுரைக்காரி:

தம்பி, நான் ரிட்டயர்ட் டீச்சர். எங்க ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைங்களுக்கு கக்கூஸ் இல்லைனு பேசுறதுக்கு இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போனேன், பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். பயத்துல முப்பத்தஞ்சு ஸ்லைடு போட்டுக் கொண்டு போனேன். அங்க போனா ப்ரொஜெக்டர் ஒயரு சேரல, ரெண்டு பேரு குனிஞ்சு ஆட்டிக்கிட்டே இருந்தாக, நீல ஸ்க்ரீன் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு, நான் பாட்டுக்கு நின்னேன். கடைசில கடுப்பாகி, மைக்க வாங்கி, "எங்க பிள்ளைங்க காலைல இருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குதுக, ஏன்னா குடிச்சா போகணும், போறதுக்கு எடமில்ல"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். ரெண்டு நிமிஷம் இருக்குமா? அதுக்கப்புறம் ஹாலே கம்முனு ஆயிருச்சு. கக்கூஸ் வந்துச்சு. நாலு வருஷங்கழிச்சு தண்ணி மோட்டார் கெட்டுப் போனப்ப கேக்க ஆளில்ல, அது வேற கத, செகரட்டரி ஐயா சொல்ற ஒரு வருஷ சமாச்சாரம் அதான்.

ஒரு வேடிக்க, ரோட்டரி 1905ல சிகாகோல ஆரம்பிச்சப்ப ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினியர், ஒரு டெய்லர்னு நாலே பேரு. ஒருத்தர் ஆபீஸ்ல ஒரு தடவ, இன்னொருத்தர் ஆபீஸ்ல அடுத்த தடவன்னு மாத்தி மாத்திக் கூடினதுனாலதான் ரோட்டரின்னே பேரு. அவக ஊருக்குன்னு மொத மொதல்ல செஞ்ச பெரிய வேல என்ன தெரியுமா, சிகாகோல பொதுக் கழிப்பறை கட்டுனது. இது எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மேடையில சொல்லியிருப்பேன்.

உனக்கு நான் சொல்றது இதான். பிபிடி வேணாம். இப்ப ஆவணி, பனம்பழம் விழுகுற நேரந்தான? நல்லா பழுத்த பழம் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போ. ஏசி ஹாலு, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும், அந்த வாசனைய மேச மேல வச்சுட்டு அப்புறம் பேசு. அறுபது வயசு ஆடிட்டரா இருந்தாலும் சின்ன வயசுல சுட்ட பனம்பழம் தின்னவருதான். அப்புறம் நீ பேச வேண்டியதில்ல. இன்னொண்ணு, அவக வீட்டம்மாக்கள் வந்திருந்தா அவகளையும் பாத்துப் பேசு. சில கிளப்புல இன்னும் மெம்பர் வீட்டம்மாக்கள "ஆன்" (Ann)னு கூப்பிட்டு ஓரத்துல உக்கார வச்சிருப்பாக. 1989ல இருந்தே பொம்பளைக மெம்பர் ஆகலாம், ஆனா எங்கூர்ல அந்தக் கதவு தெறக்க ரொம்ப நாளாச்சு. காரியத்த விடாமப் பிடிக்கிறது அவகதான், என் அனுபவத்துல சொல்றேன்.

கொங்கு அரிமா:

வணக்கமுங்க. நான் ரோட்டரி இல்லீங்க, லயன்ஸ், அரிமா சங்கம். ஆனா மீட்டிங்குக்கு ஸ்பீக்கர் கூப்பிடற பொழப்பு ரெண்டுத்துக்கும் ஒண்ணுதானுங்க.

செகரட்டரி ஐயா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்துக்க முடியலீங்க. ஒரு வருஷந்தான் அவங்க ஆயுசுன்னு சொல்லி தம்பிய சின்னதாக் கேக்கச் சொல்றீங்க. ரோட்டரியே போலியோவ 1985ல கையில எடுத்தாங்க. இந்தியாவுல கடைசி கேஸ் 2011 ஜனவரி 13, ஹவுரால ஒரு சின்னப் பொண்ணு. நாட்டுல போலியோ இல்லைன்னு சர்டிபிகேட் வந்தது 2014 மார்ச்சுல. எத்தன தலைவருங்க மாறியிருப்பாங்க பாருங்க? ஒவ்வொரு கிளப்புலயும் ஞாயித்துக்கிழமை காலைல பூத்துல நின்னு சொட்டு மருந்து குடுத்தாங்களே. நாந்தான் அந்தக் கிளப்பு இல்லையே, ஆனா எங்க தெரு முக்குல டேபிள் போட்டு நின்னவங்கள எனக்குத் தெரியும். தலைவர் மாறுவாருங்க, வேல மாறலீங்க. ஏன்னா மேல இருந்து கீழ வரைக்கும் அதே ஒரு வேலைய வருஷா வருஷம் எழுதி வச்சுட்டாங்க.

எங்க கதையும் அப்படித்தானுங்க. லயன்ஸ்னா கண் ஆபரேஷன்னு ஊருக்கே தெரியும். அது ஒரு கெஸ்ட் ஸ்பீக்கர் பண்ண வேலைங்க. 1925ல ஒஹாயோல சிடார் பாயிண்ட்டுங்கற எடத்துல நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் அம்மா வந்து, பார்வ இல்லாதவங்களுக்கு நீங்கதான் வீரருங்களா இருக்கோணும்னு கேட்டாங்க. அவங்களுக்கு கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. தேதி என்னன்னு பாருங்க, ஜூன் 30. எங்களுக்கும் அதே நாள்லதான் வருஷம் முடியுதுங்க, நூறு வருஷமாச்சு, இன்னும் அந்தப் பேச்சுக்குத்தான் நாங்க கேம்ப் போட்டுட்டு இருக்கோம். பஸ்ஸு வச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி கண்ணாடி மாட்டி திரும்ப வீட்ல கொண்டாந்து விடறமே, அதெல்லாம் அந்த ஒரு பேச்சுங்க.

அதுக்காக தம்பி நீங்க ஹெலன் கெல்லர் ஆகோணும்னு சொல்லலீங்க. எங்க வேல நிலைச்சதுக்குக் காரணம் இருக்குதுங்க: ஒவ்வொரு வருஷமும் அதையே திரும்பச் செய்யலாம். கண் கேம்ப்பு எந்தத் தலைவர் வந்தாலும் அவரோட கேம்ப்புதான். நீங்களும் அப்படி ஒண்ணக் குடுங்க, வருஷா வருஷம் புரட்டாசில ஒரு கரை, வருஷா வருஷம் ஜூன்ல ஒரு எண்ணிக்கை. அப்புறம் அங்க இன்டராக்ட் பத்திக் கேளுங்க, ரோட்டரி நடத்துற ஸ்கூல் பசங்க கிளப்புங்க, 12ல இருந்து 18 வயசு. எண்ணுறதுக்கு பெரியவங்கள விட பசங்கதான் சரி, அவங்க பொய் எண்ண மாட்டாங்க.

பனைக்கு ஒரு சந்தேகமுங்க, எங்க பக்கம் நட்ட கொட்டைய பொங்கல் சமயத்துல கிழங்குக்குன்னு தோண்டிட்டுப் போயிடறாங்களே, உங்க ஊர்ல எப்படி?

ஏரிக்கரைப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. அரிமா அண்ணே, எங்க ஊர்லயும் அதே கததான், தையில தோண்டிடுறாங்க, அதுக்குன்னே இப்ப வீட்டுக்குப் பக்கத்துல தனியா ஒரு பாத்தி போட்டு கிழங்கு வேணும்னா இதுல எடுத்துக்கோங்கன்னு விட்டுட்டோம், கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. மத்தத வியாழக்கிழமை முடிஞ்சு வந்து சொல்றேன்.

ஏரிக்கரைப் பையன்:

போயிட்டு வந்துட்டேன். லேட்டா எழுதுறதுக்கு மன்னிக்கணும், கடையில ஸ்கூல் பரீட்சை பேப்பர் வேல.

செகரட்டரி ஐயா சொன்னது அச்சு அசல். 8:10க்கு மணி அடிச்சாங்க. மூணு கல்யாண நாள், ஒரு அறுபதாங்கல்யாணம். என்னை அறிமுகப்படுத்துறப்ப "இளம் பனை விஞ்ஞானி"ன்னாரு, நான் திருத்தல. மணி 8:50. அதுக்கு முன்னாடியே பழம் வேலைய ஆரம்பிச்சிடுச்சு, பைக்குள்ள இருக்கிறப்பவே ஹால் முழுக்க வாசனை, ஒருத்தரு எழுந்து ஏசில ஏதோ செத்துக் கெடக்குதான்னு வேற பாத்தாரு. நான் பழத்த எடுத்து மேஜை மேல அந்த வெண்கல மணிக்குப் பக்கத்துல வச்சேன். அவ்ளோதான் டீச்சரம்மா, நான் ரெண்டு நிமிஷம்கூட பேசல, ரைஸ் மில்காரரு அவங்க அம்மா பனம்பழத்த அடுப்புல சுட்டுக் குடுத்தத சொல்ல ஆரம்பிச்சாரு, ஒரு டாக்டரு நாருல பல்லு மாட்டிக்கிட்டத சொன்னாரு, ஒரு அம்மா எங்க ஊர்ல பனம்பழத்துல தோசை மாதிரி தட்டுவாங்கன்னாங்க, அது எப்பிடின்னு நாலு பேரு கேட்டாங்க. என் பத்து நிமிஷமும் அவங்களே பேசி முடிச்சுட்டாங்க. நான் நெனச்சு வச்சது எதுவும் சொல்லல, பனை நம்ம மாநில மரம்னோ, 2021 வேளாண் பட்ஜெட்ல கலெக்டர் அனுமதி இல்லாம பனைய வெட்டக் கூடாதுன்னு சொன்னதோ, எதுவுமே. தலைவரு மணியடிக்கப் போறாரு, நான் மைக்க விடாம ஒண்ணு மட்டும் சொன்னேன், "வர்ற ஜூன்ல எண்ண வாங்க"ன்னு. சரின்னு கை தட்டினாங்க. பத்தாயிரம்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு, பக்கத்துல இருந்தவரே "முதல்ல எண்ணுவோம்பா"ன்னுட்டாரு.

அடுத்த வருஷத் தலைவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன். அவரு ரொம்ப நேரம் கொலஸ்ட்ரால் மாத்திரை பத்தித்தான் பேசினாரு. ஆனா டீசலுக்கு ஒரு தொகை தர்றதா சொல்லியிருக்காங்க, போர்டு மீட்டிங்ல வைக்கணுமாம், பாப்போம். இன்டராக்ட் எங்க கவர்மென்ட் ஸ்கூல்லயே இருக்காம், எனக்கே தெரியாது, நான் படிச்ச ஸ்கூலு.

இப்ப மெயின் விஷயம். கை கழுவுற எடத்துல ஒருத்தரு வந்து நின்னாரு, மீட்டிங்ல வாயே தொறக்காதவரு. "போன வருஷம் கரை ஒசத்துனது என் வண்டிதான் தம்பி"ன்னாரு. எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னே தெரியல. வாரிப் போட்டது இவரோட ஜேசிபி. ஓட்டினவனுக்கு அது பனங்கன்னுன்னு தெரியாதாம், ஓலை புல்லு மாதிரிதான இருக்கும், ஒத்தையா ஒரு ஓலை, யாரு கண்டா. எனக்குக் கோவம் வரணும், வரல, ஏன்னா உண்மையிலயே தெரியாது, ரெண்டு வருஷக் கன்னுன்னா எங்களுக்கே தேடித்தான் கண்டுபிடிக்கணும். அவரு சொன்னாரு, இந்தப் பக்கம் நாலு ஏரில அடுத்து வேல எடுக்கிறது அவருதானாம், "எங்கெங்க நட்டிருக்கேன்னு கரையில அடையாளம் வச்சிடு, டிரைவர்கிட்ட நான் சொல்லிடுறேன், கரைக்கு உள்பக்கமா மண்ண எடுப்பாங்க"ன்னு. நம்பர் குடுத்தாரு. நாலு வருஷமா டீசலுக்கு அலைஞ்சேன், இந்த ஆள எனக்குத் தெரியாமப் போச்சு, என் கடைக்கு எதிர்லதான் அவரு ஆபீஸ்.

அதனால இப்ப புதுக் கேள்வி: பத்தடிக்கு ஒரு கன்னு, கரை நீளம் முக்கா கிலோமீட்டர் இருக்கும். அடையாளத்துக்கு கல்லு நட்டு சுண்ணாம்பு அடிக்கலாம்னு இருக்கோம், ஐப்பசி மழைக்குத் தாங்குமா?

கொங்கு அரிமா:

சுண்ணாம்பு ஒரு மழைக்கு நிக்காதுங்க. ரெட் ஆக்ஸைடு வாங்கி அடிங்க. கல்லு மொழங்கால் ஒசரத்துக்காவது இருக்கோணும், வண்டில உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியோணுமுங்களே.

பழைய செகரட்டரி:

கல்லுல நம்பர் போடு தம்பி. ஜூன்ல எண்ண சுலபமா இருக்கும். நானும் வர்றேன், பஸ்ஸு எங்க எறங்கணும்னு மட்டும் சொல்லு.